போகிக்கு முன் வீட்டைக் கழுவ ஆள் கூப்பிட்டோம்: தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு விமர்சனம்

பொங்கலுக்கு முன்னால் வீட்டை முழுசாகக் கழுவிச் சுத்தம் செய்ய ஆள் கூப்பிடலாமா, கூப்பிட்டால் கொடுக்கிற காசுக்கு வேலை நடக்குமா என்று எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் கேட்கிறார்கள். இந்தத் தடவை நாங்கள் கூப்பிட்டோம். வந்தது பெரிய கம்பெனி இல்லை. காசிமேட்டுப் பக்கத்திலிருந்து நான்கு பெண்கள், ஏணி தூக்கவும் சாமான் நகர்த்தவும் ஒரு பையன், அவ்வளவுதான். பெயர்ப் பலகை, சீருடை, ஆப் எதுவும் கிடையாது. எதிர்வீட்டில் அவர்கள் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு எங்கள் அத்தைதான் நம்பர் வாங்கி வந்தார். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலை நன்றாக இருந்தது, அடுத்த வருடமும் இவர்களைத்தான் கூப்பிடுவோம். குறைகளும் உண்டு, அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

எங்கள் வீடு டி.எச். ரோட்டிலிருந்து (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) உள்ளே தள்ளி, இரண்டாவது மாடி, பழைய கட்டடம், ஹாலிலும் ரூமிலும் மொசைக் தரை. ஒரு பக்கம் கடல் காற்று, இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள். இங்கே படிகிற அழுக்கு அண்ணாநகரிலோ மயிலாப்பூரிலோ படிகிற மாதிரி வெறும் தூசி இல்லை. டீசல் புகையின் கரியும் கடல் காற்றின் உப்பு ஈரமும் சேர்ந்து பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். ஃபேன் இறக்கையின் முன் ஓரத்தை விரலால் தொட்டால் மை மாதிரி வரும். அத்தை ராயபுரத்தில் வளர்ந்தவர். துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் ஏற்றி இறக்கிய காலத்தில் மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி சாயங்காலம் சாம்பல் நிறமாகத்தான் கீழே வரும் என்பார். உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் அது நின்றது, நிலக்கரி எண்ணூருக்குப் போனது. ராயபுரத்துக்கு அது பெரிய நிம்மதி, எண்ணூர்க்காரர்களுக்கு அப்படி இல்லை. ஆனால் லாரி ஓடுகிற வரைக்கும் எங்கள் ஜன்னலில் கரி படியத்தான் செய்யும்.

இதோடு தண்ணீர். சமையலறைக்கு மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர், பாத்ரூமுக்கு போர் தண்ணீர், அதாவது ஆழ்குழாய்த் தண்ணீர். போர் தண்ணீர் வருகிற குழாய், வாளி, டைல்ஸ் எல்லாவற்றிலும் வெள்ளையாக உப்புக்கறை. அப்புறம் ஐப்பசி கார்த்திகை மழையில் சுவர் ஓதம் ஏறி, பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை. மழை விட்டு, வெயில் வந்து, ஜன்னலைத் திறந்து வைக்க முடிகிற நேரம் மார்கழிக் கடைசிதான், போகிக்கு முன் வீட்டைக் கழுவுவது இந்த ஊர் வானிலைக்கும் சரியாகப் பொருந்துகிறது.

எனக்கு இந்தக் குழு மேல் நம்பிக்கை வந்ததே வேலை நடந்த அன்று இல்லை, அதற்கு முன்பு. பெரியவர் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிட்டோம், அவர் மட்டும் முதலில் வந்து வீட்டைப் பார்த்தார். போனில் "ரெண்டு ரூமா, மூணு ரூமா" என்று கேட்டு ரேட் சொல்லிவிடவில்லை. எந்தக் குழாயில் போர் தண்ணீர் வருது, வீட்டில் யாருக்காவது வீசிங் இருக்கா, கைக்குழந்தை இருக்கா, பாத்ரூமுக்கு ஜன்னல் இருக்கா, என்ன ஆசிட் ஊற்றிப் பழக்கம், இப்படிக் கேள்வி மேல் கேள்வி. அத்தைக்கு வீசிங் உண்டு என்றதும், "அப்போ பாத்ரூம் செய்றப்போ பெரிம்மா கீழ் வூட்ல போய் உக்காரட்டும் மா" என்றார்.

தரையைப் பார்த்துவிட்டு அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. சமையலறையிலிருந்து அரை மூடி எலுமிச்சம்பழம் கேட்டார். கட்டிலுக்கு அடியில், யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில், இரண்டு சொட்டு விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் துணியால் துடைத்தார். சொட்டு விழுந்த இடம் மட்டும் பளபளப்பு போய் மங்கலாக இருந்தது. "பாத்தியா மா, எலுமிச்சம்பழத்துக்கே இப்படி. இதுல எவனாவது ஆசிட் ஊத்தினா தரை போச்சு." மொசைக் என்பது சிமெண்டில் பளிங்குக் கல் சில்லுகளைப் பதித்து, தேய்த்து மெருகேற்றிய தரை. பளிங்கும் சுண்ணாம்பு வகைதான், சிமெண்டிலும் சுண்ணாம்பு இருக்கிறது, இரண்டையும் அமிலம் அரித்துவிடும். வடசென்னையில் பழைய வீடு பாதி மொசைக், மீதி சிவப்பு ரெட் ஆக்சைடு தரை. ரெட் ஆக்சைடும் சிமெண்ட்தான். டைல்ஸ் போட்ட புது ஃபிளாட்டுக்குப் பழகியவர்கள் வந்து அதே மருந்தை இங்கே ஊற்றினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் கீழ் வீடே சாட்சி. போன வருடம் அவர்கள் ஆன்லைனில் ஒரு பெரிய சர்வீஸை புக் செய்தார்கள், பெயர் வேண்டாம். வந்த பையன்கள் பாத்ரூமுக்குக் கொண்டு வந்த திரவத்தையே ஹால் தரைக்கும் கலந்து துடைத்தார்கள். காய்ந்ததும் ஹால் நடுவில் திட்டுத் திட்டாக வெளுத்துப் போயிருந்தது. அதைச் சரி செய்ய மெஷின் வைத்துத் திரும்பத் தேய்த்து பாலிஷ் போட வேண்டும், அந்தச் செலவு சுத்தம் செய்த கூலியைவிட அதிகம். பையன்களைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை, தரையில் என்ன வகை இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். மேலிருந்து கீழ் என்ற ஒழுங்கை அவர்கள் ஒரு இடத்திலும் விடவில்லை. பரண், ஒட்டடை, ஃபேன், சுவர், ஜன்னல், சமையலறை, பாத்ரூம், கடைசியில்தான் தரை. சாமான்களை நடு ஹாலுக்குக் கொண்டுவந்து பழைய பெட்ஷீட் போட்டு மூடினார்கள். ஃபேன் இறக்கைக்கு ஈரமான பழைய தலையணை உறையை மாட்டி, இரண்டு பக்கமும் அழுத்தி இழுத்தார்கள், கரி முழுக்க உறைக்குள்ளேயே தங்கிவிட்டது, கட்டில் மேல் ஒரு துளி விழவில்லை. அந்தப் பிசுக்குக்குச் சும்மா தூசி தட்டுகிற கம்பு போதாது, சோப்புத் தண்ணீர் வேண்டும்.

ஜன்னல் கம்பியில் நான் கற்றுக்கொண்டேன். நாங்கள் வழக்கமாக உலர்ந்த துணியால் துடைப்போம். அக்கா முதலில் நல்ல தண்ணீரால், அதாவது மெட்ரோ தண்ணீரால், கம்பியை நனைத்துவிட்டு அப்படியே விட்டார். கடல் காற்றில் வந்து படிந்த உப்பு, தண்ணீர் பட்டால் கரையும், உலர்ந்த துணிக்கு வராது என்பது அவர் கணக்கு. நனைத்த பிறகு துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரம் எடுத்தார். உப்பு காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால்தான் கடலோர வீட்டில் கிரில் சீக்கிரம் துரு பிடிக்கிறது. துரு கிளம்பியிருந்த இடங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, "இங்க எல்லாம் பிரைமர் அடிச்சு பெயிண்ட் அடிச்சிடு மா, வெயில் இருக்கும்போதே" என்று காட்டிக் கொடுத்தார். தள்ளு ஜன்னலின் கீழ்த் தடத்தில் வருடக்கணக்கில் இறுகியிருந்த மண்ணை, அரை இஞ்ச் பெயிண்ட் பிரஷ்ஷும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்து அந்தக் குழுவின் சின்னப் பெண் உட்கார்ந்து உட்கார்ந்து எடுத்தாள். இப்போது ஜன்னல் ஒரு விரலால் தள்ளினால் நகர்கிறது.

சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன்தான் பெரிய வேலை. மீன் வறுக்கிற வீடு, எண்ணெய்ப் புகை எவ்வளவு என்று சொல்லவே வேண்டாம். இறக்கையை மட்டும் கழற்றி, கொதிக்கிற தண்ணீரில் சலவை சோடாவைக் கரைத்து அதில் ஊறவைத்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கைக் காரம்தான் பிடுங்கும், உப்புக்கறையை அமிலம்தான் பிடுங்கும், ஒன்றுக்கு மற்றது உதவாது, இதை அக்கா அவருடைய பாஷையில் தெளிவாகச் சொன்னார். அதோடு முக்கியமாக, சோடாத் தண்ணீர் பக்கத்தில் அலுமினியப் பாத்திரம் எதையும் வைக்க விடவில்லை. அத்தையின் இட்லி குண்டானைத் தானே தூக்கிக்கொண்டு போய் ஹாலில் வைத்துவிட்டு வந்தார். காரம் பட்டால் அலுமினியம் கறுத்துவிடும். பித்தளைக் குத்துவிளக்கைப் புளியும் சபீனாவும் போட்டு அத்தையே தேய்த்துக்கொண்டார், அதை யார் கையிலும் கொடுக்க மாட்டார்.

பாத்ரூமைக் கடைசியாகத்தான் தொடுவார்கள் என்று நினைத்தேன், ஆனால் காலையிலேயே குழாய்களில் துணி சுற்றிவிட்டார்கள். எலுமிச்சை உப்பு, மளிகைக் கடையிலோ நாட்டு மருந்துக் கடையிலோ கிடைக்கிற சிட்ரிக் ஆசிட்தான், அதை வெந்நீரில் கரைத்து, துணியை நனைத்து, குழாயில் சுற்றி ஊறவிட்டார்கள். ஷவர் தலைக்கு அதே தண்ணீரை ஒரு பாலிதீன் பையில் ஊற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிட்டார்கள். மத்தியானம் அவிழ்த்தால் உப்பு பொருக்குப் பொருக்காகக் கையோடு வந்தது. அடைத்திருந்த ஷவர் ஓட்டைகள் பாதிக்கு மேல் திறந்துவிட்டன. டைல்ஸ் மேலும் அதையேதான் போட்டார்கள். டைல்ஸ் இடுக்கில் இருக்கிற சிமெண்ட் பூச்சை அமிலம் தின்னும் என்பதால் ரொம்ப நேரம் விடவில்லை, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். கடையில் லூசாக விற்கிற மஞ்சள் ஆசிட் பாட்டில் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அதைத் தொடவே மாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் போகி நெருங்கினால் வீட்டுக்கு வீடு இது நடக்கிறது. பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ டாய்லெட் ஆசிட்டோடு கலக்காதீர்கள். ஒன்றை ஊற்றிக் கழுவாமல் அதன் மேலேயே இன்னொன்றை ஊற்றுவதும் கலப்பதுதான். குளோரின் வாயு கிளம்பும், ஜன்னல் இல்லாத சின்ன பாத்ரூமில் அது நெஞ்சைப் பிடித்துவிடும், வீசிங் இருப்பவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. இந்தக் குழு இரண்டுக்கும் தனித்தனி நிறத்தில் வாளி வைத்திருந்தது. நீல வாளி எலுமிச்சை உப்பு, சிவப்பு வாளி பிளீச்சிங், இரண்டும் ஒரே நேரத்தில் பாத்ரூமுக்குள் போகவே இல்லை. நீங்கள் யாரைக் கூப்பிட்டாலும் இதை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். "எல்லாம் ஒண்ணா கலந்து அடிச்சா பளிச்சுனு ஆயிடும்" என்று பதில் வந்தால் அவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள்.

பூஞ்சை விஷயத்தில் அவர்கள் நேர்மையாக இருந்தார்கள். பீரோவை நகர்த்தி, மாஸ்க் போட்டுக்கொண்டு, காய்ந்த பூஞ்சையைச் சுரண்டாமல் ஈரத் துணியால் எடுத்துவிட்டு, பிளீச் தண்ணீர் அடித்தார்கள். சுவர் வெள்ளையாகிவிட்டது. ஆனால் காசு வாங்குவதற்கு முன்னாலேயே, "இது திரும்ப வரும் மா, மேல மாடியில வெடிப்பு இருக்கு, கொத்தனாரக் கூப்டு" என்று சொல்லிவிட்டார்கள். உண்மைதான். ஓதம் வருகிற வழியை அடைக்காமல் மேலே என்ன அடித்தாலும் அடுத்த மழைக்கு அதே இடத்தில் கறுக்கும்.

கழிக்க வேண்டிய சாமானும் நிறைய இருந்தது. இரும்பு, பழைய பேப்பர், உடைந்த பிளாஸ்டிக் எல்லாவற்றையும் அந்தப் பையன் தனித்தனி மூட்டையாகக் கட்டிக் கொடுத்தான், காயலான் கடைக்காரர் வந்து எடை போட்டுக்கொண்டார். கிழிந்த ரெக்சின், பழைய டயர், செருப்பு எல்லாம் மாநகராட்சி வண்டிக்கு. போகிக்கு முன் இந்த மாதிரிப் பொருள்களைத் தனியாகக் கொடுக்கச் சொல்லி மாநகராட்சி வருடா வருடம் கேட்டுக்கொள்கிறது, தயவுசெய்து கொடுத்துவிடுங்கள். 2018-இல் போகியன்று காலை புகைமூட்டத்தில் சென்னையில் விமானங்களே இறங்க முடியவில்லை. ஏற்கெனவே எண்ணூர், மணலிப் பக்கத்துக் காற்றைச் சுவாசிக்கிற நாம் டயரையும் கொளுத்தி அதில் சேர்க்க வேண்டாம். பழைய பாய் ஒன்றை மட்டும் அத்தை சாஸ்திரத்துக்கு வைத்துக்கொண்டார்.

இப்போது குறைகள். காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வரும்போது பத்தாகிவிட்டது, போன் செய்தாலும் எடுக்கவில்லை. அதனால் கடைசியில் தரை வேலை இருட்டிய பிறகு அவசரமாக நடந்தது, ஹால் மூலைகளில் தண்ணீர்த் தடம் நின்றுவிட்டது, மறுநாள் நானே திரும்பத் துடைத்தேன். கொசுவலையைக் கழற்றும்போது ஒரு ஃபிரேமில் ஓரம் கிழிந்தது. கேட்டதும் ஒத்துக்கொண்டு கூலியில் குறைத்துக்கொண்டார்கள், ஆனாலும் வலை மாற்றுகிற அலைச்சல் நமக்குத்தான். மெத்தைக்கு அவர்களிடம் இருக்கிற வேக்குவம் மெஷின் ரொம்ப சாதாரணம், அதற்குத் தனியாக வாங்குகிற காசு வீண். மெத்தையை வெயிலில் போட்டு, உறைகளை நல்ல வெந்நீரில் துவைப்பது அதைவிட மேல். பரணில் இருந்து இறக்கிய பாத்திரங்களைத் திரும்ப ஏற்றும்போது எது எங்கே என்று பார்க்காமல் வைத்துவிட்டார்கள், முறுக்கு அச்சைக் கண்டுபிடிக்க அத்தை பட்ட பாடு சொல்லி முடியாது. இறக்குவதற்கு முன்னால் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரேட் 4,500 ரூபாய் பேசினோம், எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் பரணுக்கும் சேர்த்து. நாங்கள் விசாரித்த ஆன்லைன் சர்வீஸ்களும் கிட்டத்தட்ட அதே அளவுதான் கேட்டார்கள், ஆனால் அங்கே பரண் தனி, ஜன்னல் வெளிப்பக்கம் தனி என்று ஏறிக்கொண்டே போகும். இங்கே பணம் ஐந்து பேர் கைக்கும் நேராகப் போகிறது, நம் கண் முன்னாலேயே பிரித்துக்கொண்டார்கள். எல்லோரிடமும் ரப்பர் கையுறை இருந்தது. இரண்டாவது மாடி ஜன்னலின் வெளிப்பக்கத்தைத் துடைக்க சன்ஷேடில் இறங்கச் சொல்லி நாங்கள் கேட்கவும் இல்லை, அவர்களும் இறங்கவில்லை. நீளக் கம்பில் துணி கட்டி எட்டுகிற வரைக்கும் செய்தார்கள், எட்டாத இடத்தை விட்டுவிட்டார்கள். சில வீடுகளில் "கொடுத்த காசுக்கு வெளியேயும் துடை" என்று கட்டாயப்படுத்துகிறார்கள் என்று அந்தச் சின்னப் பெண் சொன்னபோது எனக்குக் கோபமாக வந்தது. மத்தியானம் எல்லோருக்கும் வீட்டிலேயே சாப்பாடு போட்டோம், அது நம் பொறுப்பு.

புது ஃபிளாட், முழுக்க டைல்ஸ், கடிகாரம் மாதிரி நேரத்துக்கு வர வேண்டும், ரசீது வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் குழு ஒத்துவராது. பழைய கட்டடம், மொசைக் அல்லது ரெட் ஆக்சைடு தரை, போர் தண்ணீர், வீட்டில் வயதானவர்கள் என்றால் இந்த மாதிரி நம் பக்கத்து ஆட்களைத் தேடுங்கள், ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள், தெருவில் விசாரித்தாலே தெரியும். மார்கழி பிறந்ததும் சொல்லி வைத்துவிட வேண்டும், போகிக்கு முந்தைய வாரத்தில் ஆளே கிடைக்காது.

ஒரு வேலையை மட்டும் அவர்கள் ஏற்கவில்லை, தண்ணீர் சம்ப், அதாவது தரைக்கு அடியில் இருக்கிற தொட்டி. ஹவுஸ் ஓனர் அந்தப் பையனை உள்ளே இறக்கிவிடலாம், ஐந்நூறு ரூபாய் சேர்த்துத் தருகிறேன் என்றார். அக்கா ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார், நானும் அவர் பக்கம்தான் நின்றேன். மூடியே கிடந்த சம்ப்பில் மூச்சுக்குக் காற்று இருக்கும் என்று நம்ப முடியாது, பிளீச்சிங் பவுடரும் போட்டால் கேட்கவே வேண்டாம். மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்து, அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சுகிற மெஷினை வைத்து மேலே இருந்தே கழுவுகிறவர்கள் தனியாக இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொங்கல் முடிந்த வாரத்துக்குச் சொல்லியிருக்கிறோம், செலவை நான்கு வீடும் பிரித்துக்கொள்வதாகப் பேச்சு.